நாற்பத்தைந்தைத் தாண்டாத லாரி

"இந்த என்ஜின் ரொம்ப நல்லா இருக்கு சார்ஜ்" என்றேன். "அதுதான் உதைக்குது."

சார்ஜென்ட் லெஸ்லி கிம்ப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சவப்பெட்டிக்கு முன்னால் நிற்பவரைப் போல அந்தப் பழைய கோதுமை லாரிக்கு முன்னால் நின்றார். விர்ராபின் காவல் நிலையத்தின் பின்கட்டில் வெயில் தகரத்தை வாட்டிக்கொண்டிருந்தது. ஈக்கள் அவருடைய கண்ணாடியில் குடும்பம் நடத்தின. மெல்போர்னில் பிறந்து டிராமிலேயே வளர்ந்த மனிதர். கொலைப் பிரிவிலேயே கார் ஓட்டத் தெரியாத ஒரே ஆள். அவரைச் சுமந்து திரிவதற்காகவே அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. நான் கான்ஸ்டபிள் மேவிஸ் பாஸ்கோ. என் அப்பா இந்த மாலிச் சீமையில் கோதுமை லாரி ஓட்டியவர். எனக்கு நடக்கத் தெரிவதற்கு முன்னால் கியர் மாற்றத் தெரியும் என்று வீட்டில் சொல்வார்கள்.

"நல்லா இருந்தா நல்லதுதானே?" என்றார் கிம்ப்டன்.

"லாரிக்கு நல்லது. கிளெமுக்குக் கெட்டது."

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை, அறுவடையின் நடுவில், ஆல்ஃப் ஹென்ஷ்கே என்ற கோதுமை விவசாயியின் கால், தானியத்தை மேலே ஏற்றும் திருகுக்குழாயில் மாட்டிக்கொண்டது. தொடைக்குக் கீழே நார்நாராகிவிட்டது. வீட்டுக் காரை மகள் வெர்னா ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போயிருந்தாள். மகன் கிளெம், அப்பாவைத் தூக்கி இந்த லாரியில் உட்கார வைத்து, தொடையைச் சுற்றி பெல்ட்டை இறுக்கிக் கட்டி, விர்ராபின் ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது கிழவர் உயிரோடு இல்லை.

"ஆக்சிலேட்டரைத் தரையோட அழுத்திட்டு வந்தேன்" என்று கிளெம் நர்ஸிடம் சொல்லியிருந்தான். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். வெர்னா மெல்போர்னில் எங்கள் பிரிவுக்குப் போன் போட்டு, "எங்க அண்ணன் அப்பாவைக் கொன்னுட்டான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இன்று மாலை ஊர் மன்றத்தில் மாஜிஸ்திரேட் மரண விசாரணை நடத்துகிறார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவருடைய மீன்பிடி படகு ஏற்கெனவே காரின் பின்னால் கட்டப்பட்டுவிட்டது. நாங்கள் எதையாவது கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் 'விபத்து' என்று எழுதிவிட்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். அதன் பிறகு கிளெமை யாரும் தொட முடியாது. எங்களிடம் இருந்த ஒரே துப்பு இந்த லாரி.

"டிராம்காரனுக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார் கிம்ப்டன்.

பானெட்டைத் தூக்கிக் காட்டினேன். "ஆறு சிலிண்டர், ஒரே வரிசை. பிஸ்டன் ஒவ்வொண்ணும் நெடுந்தூரம் மேல கீழ போய் வரும். பழைய காலத்துச் சரக்கு. பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற தண்டோட அடியில ஒரு சின்னக் கரண்டி இருக்கும். அது சுத்தும்போது கீழ இருக்கிற தொட்டியில முங்கி, பேரிங்குக்கு வேண்டிய எண்ணெயை மொண்டுக்கும். நிதானமா சுத்தினா நல்லா மொள்ளும். கண்ணுமண்ணு தெரியாம சுத்தினா எண்ணெய் நாலாபக்கம் தெறிக்கும், பேரிங் பட்டினி. உள்ளே இருக்கிற வெள்ளை உலோகம் உருகும். அப்புறம் உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால கதவைத் தட்டற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் வந்துட்டா பாதிரியாரைக் கூப்பிட வேண்டியதுதான்."

"அப்ப மெதுவாவே போக வேண்டியதுதானே?"

"மேல் கியர்ல ரொம்ப மெதுவா இழுத்தாலும் தப்பு. அடிவாங்கி அடிவாங்கி இடுப்பு ஒடியும். இதுக்குன்னு ஒரு வேகம் இருக்கு. அந்த வேகத்துல போனா உங்க பேரனும் ஓட்டலாம். நாற்பத்தஞ்சு மைல்."

"அதுக்கு மேல போகாதா?"

"போகும். அன்னைக்குப் பின்னால தானியத் தொட்டி காலி. அறுபதுக்கு மேலயே போகும். ஆனா கிளெமோட பண்ணையிலேர்ந்து இவ்வளவு தூரம் அறுபதுல வந்திருந்தா, இந்நேரம் பேரிங் செத்திருக்கணும். இப்பக் கேளுங்க."

கிளப்பினேன். என்ஜின் தொண்டையைச் செருமிக்கொண்டு, பால் குடித்த பூனை மாதிரி உறுமியது. தட்டல் இல்லை. முனகல் இல்லை.

"ஆக, நாற்பத்தஞ்சுலதான் வந்திருக்கான்" என்றார் கிம்ப்டன். "பக்கத்து சீட்டுல அப்பன் செத்துட்டிருக்கான். இவன் பேரிங்கைக் காப்பாத்திட்டு வந்திருக்கான்."

"ஆமாம்."

"ஊர்ல யாருக்கும் இது தோணலையா?"

யோசித்தேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "நாற்பத்தஞ்சுதான் அதோட வேகம் சார்ஜ். மழை மேலேர்ந்து பெய்யற மாதிரி. அதை யாரு கேள்வி கேப்பா?"

கிம்ப்டன் கேபினுக்குள் ஏறி, பயணி சீட்டில் உட்கார்ந்தார். அவர் எப்போதும் அங்கேதான் உட்காருவார். அதுதான் அவருக்குத் தெரிந்த சீட். டேஷ்போர்டைக் கையால் தடவினார்.

"பாஸ்கோ, இங்க பார். என்ன இது?"

அந்தப் பக்கத்துத் தகரம் முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள். பல வருடத்துப் பள்ளங்கள், துருவேறியவை. அவற்றின் மேல் புதிதாகச் சில, பளபளவென்று. புதிய பள்ளங்களின் விளிம்பில் பழுப்பு நிறத்தில் காய்ந்த ரத்தம். கதவுப் பையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. அதன் பிடியிலும் அதே பழுப்பு.

"கிழவரை இதால அடிச்சிருப்பானோ?" என்றேன்.

"உடம்புல கால் தவிர எங்கேயும் காயம் இல்லைன்னு டாக்டர் எழுதியிருக்கார். அடிபட்டது தகரம் மட்டும்தான். ஒரு மனுஷன் ரத்தம் கொட்டும்போது எதுக்குத் தகரத்தை அடிப்பான்?"

"கோபம் வந்தா."

"யார் மேல?"

அது எனக்குத் தெரியவில்லை. கிளெமுக்கு முன்னால் பார்க்க வேண்டியவன் ஒருவன் இருந்தான், அன்று அந்தச் சாலையில் எதிரே வந்தவன். கீத் டூலன். அறுவடை நாளில் ஒரு லாரிக்காரனைத் தேட வேண்டியதில்லை. தானியக் கிடங்கின் வரிசைக்குப் போனால் போதும். இதே லாரியில் போனோம்.

வழியில் கிம்ப்டன் என் காலைப் பார்த்தார். "நீ ஏன் வேகமா போகல? நமக்கு நேரமில்லையே?"

பார்த்தேன். முள் நாற்பத்தைந்தில் நின்றது. அழுத்த வேண்டும் என்று நினைத்தேன். கால் கேட்கவில்லை.

"மனசு வரல சார்ஜ்."

"சரி" என்று ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார். எதிரே வந்த லாரிக்காரன் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினான். நானும் உயர்த்தினேன்.

"யார் அது?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு விரல்?"

"விரல் தூக்கலைன்னா திமிர் பிடிச்சவன்னு பேர் வந்துடும். அந்த ஒரு விரல் போதும். ரெண்டு விரல் தூக்கினா கடன் கேக்க வர்றான்னு நினைப்பாங்க."

கிடங்கின் வெள்ளைச் சுவர்கள் சமவெளியில் தனியாக நின்றன. கடவுள் கட்ட ஆரம்பித்துவிட்டு ஆர்வம் போய் விட்டுவிட்ட கோயில் போல எனக்கு எப்போதும் தோன்றும். அடியில் லாரிகள் வரிசையில் நின்றன. ஆட்கள் நிழலில் குந்தி, ஆறிப்போன, இறைச்சி அடைத்த அப்பத்தைத் தின்று, டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் லாரியைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"ஆல்ஃப் கிழவன் வண்டியை இவ ஓட்டிட்டு வர்றா பாரு" என்றான் ஒருத்தன். "பேய் வந்து கழுத்தைப் பிடிக்கப் போகுது பொண்ணே, நாற்பத்தாறுல போயிடாத!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே, சொல்லி வைத்தாற்போல, எல்லாருடைய வலது கையும் முன்னால் நீண்டது. உள்ளங்கை தரையைப் பார்க்க, காற்றில் கீழே, கீழே என்று தட்டின.

"அது என்ன?" என்றார் கிம்ப்டன்.

"ஆல்ஃபோட கை" என்றான் கீத் டூலன். பெருத்த உடம்பு, உரிந்த மூக்கு. "கிளெம் ஓட்டும்போது கிழவர் பக்கத்துல உக்காந்து இப்படியே காட்டிட்டு வருவார். மெதுவா, மெதுவா. மீறினா ஸ்பேனர். டேஷ்போர்டுல ஒரு அடி. சின்ன வயசுல டேஷ்போர்டுல விழாது, முழங்கால்ல விழும்."

ஸ்பேனர் மர்மம் அவிழ்ந்தது. கிம்ப்டன் என்னைப் பார்த்தார். கிழவர் சாகும்போதும் தகரத்தைத் தட்டியிருக்கிறார். மெதுவாகப் போ என்று.

"அந்த என்ஜினை வாங்கின நாளிலேர்ந்து இன்னும் யாரும் பிரிக்கல, தெரியுமா?" கீத் பெருமையோடு சொன்னான், என்னமோ அவன் பெற்ற பிள்ளை மாதிரி. "ஒரிஜினல் பேரிங். ஆல்ஃபோட சம்சாரத்தைப் பாம்பு கடிச்சுதே, பழுப்புப் பாம்பு, அன்னைக்குக்கூட மனுஷன் நாற்பத்தஞ்சைத் தாண்டல. அவ்வளவு கட்டுப்பாடு."

"அந்த அம்மா பிழைச்சாங்களா?" என்றார் கிம்ப்டன்.

கீத் தொப்பியைப் பின்னால் தள்ளினான். "இல்ல. ஆனா என்ஜின் பாருங்க, இன்னும் ஓடுது."

யாரும் சிரிக்கவில்லை. அதை நகைச்சுவை என்று யாரும் நினைக்கவில்லை.

"அப்ப கிளெம் எங்க இருந்தான்?"

"பின்னால தொட்டியில. அம்மா தலையை மடியில வெச்சிட்டு. ஸ்கூல் பையன் அப்போ."

கிம்ப்டன் கொஞ்ச நேரம் ஈக்களை விரட்டினார். "சனிக்கிழமை நீங்க அவங்களை எதிர்ல பார்த்தீங்க."

"பார்த்தேன். ரோடு அங்க குறுகல். ரெண்டு பேரும் ஒரு சக்கரத்தை மண்ணுல இறக்கி ஒதுங்கினோம். நான் விரலைத் தூக்கினேன். கிளெம் தூக்கல. ஆனா ஆல்ஃப் கை காட்டினார். கடைசியா அவர் வணக்கம் சொன்னது எனக்குத்தான்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "பார்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்."

"எப்படிக் காட்டினார்? காட்டுங்க."

கீத் எழுந்து நின்றான். வலது கையை மார்புக்கு நேராக நீட்டி, விரல்களை மேலே சுண்டினான். மறுபடி சுண்டினான்.

"இன்னொரு தடவை" என்றார் கிம்ப்டன்.

கீத் செய்தான். நாயை லாரி மேல் தாவச் சொல்லும்போது நாங்கள் எல்லாரும் செய்வதுபோல. ஹப், ஹப்.

"வித்தியாசமான வணக்கம்" என்றேன்.

"சாகப் போறவன் வேற எப்படி வணக்கம் சொல்லுவான்?" என்றான் கீத்.

கிளெமின் பண்ணைக்குப் போனோம். வழியில் கிம்ப்டன் தன் வலது கையை மடியில் வைத்து, ஒரு தடவை கவிழ்த்தார். ஒரு தடவை மலர்த்தினார். டிராம் கண்டக்டர் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கிளெம் ஹென்ஷ்கே அறுவடை இயந்திரத்தின் மேல் இருந்தான். அப்பாவைப் புதைத்த மறுநாளிலிருந்து அங்கேதான் இருக்கிறான் என்று ஊர் சொன்னது. முதிர்ந்த கோதுமை யாருக்காகவும் காத்திருக்காது என்பதால் யாரும் அதைத் தப்பாகப் பேசவில்லை. எங்களைப் பார்த்து இறங்கி வந்தான். நெட்டையான, அமைதியான மனிதன். கன்னத்தில் தூசி அப்பியிருந்தது. அவன் முதலில் கவனித்தது எங்களை அல்ல. என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான்.

"சூடு பண்ணாம ஓட்டியிருக்கீங்க" என்றான் என்னிடம்.

"எங்கப்பாவும் லாரிக்காரர்தான்."

"மன்றத்துக்கு நேரமாச்சு, மிஸ்டர் ஹென்ஷ்கே" என்றார் கிம்ப்டன். "எங்களை நீங்களே கூட்டிட்டுப் போங்க. பாஸ்கோவுக்குக் கை வலிக்குதாம்."

எனக்குக் கை வலிக்கவில்லை. ஆனால் அவர் பொய் சொல்லும்போது நான் மணிக்கட்டைத் தேய்த்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

கிளெம் தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். அவன் ஸ்டியரிங்கில், நான் நடுவில், கிம்ப்டன் ஜன்னலோரம். கிழவர் உட்கார்ந்திருந்த சீட். தரையில் விரிப்பைக் கழுவியிருந்தார்கள். ஆனாலும் இனிப்பான ஒரு நாற்றம் மிச்சம் இருந்தது.

லாரி மேல் கியருக்கு வந்தது. முள் நாற்பத்தைந்தில் போய் நின்று, அங்கேயே வேர்விட்டது.

"ஆக்சிலேட்டரைத் தரையோட அழுத்தினேன்னு நர்ஸ்கிட்ட சொன்னீங்க" என்றார் கிம்ப்டன். "என்ஜின் வேற சொல்லுது."

கிளெம் சாலையையே பார்த்தான். "என்ஜின் பொய் சொல்லாது. நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"வெட்கமா இருந்தது." அவன் குரலில் வெட்கம் எதுவும் இல்லை. "நான் அழுத்தத்தான் பார்த்தேன். அவர் விடல. ஸ்பேனரை எடுத்து அடிக்க ஆரம்பிச்சுட்டார். மெதுவா, மெதுவான்னு கை. கால் அறுந்து தொங்குது, மனுஷனுக்குப் பேரிங் கவலை. பள்ளத்தைப் பார்த்திருப்பீங்களே?"

"பார்த்தோம்."

"அவர் சொன்னபடி செஞ்சேன். எப்பவும் அவர் சொன்னபடிதான் செய்வேன். ஊர்ல யாரை வேணா கேளுங்க."

அவன் சொல்வதில் ஓட்டையே இல்லை. பழைய பள்ளம், புதுப் பள்ளம், ஸ்பேனரில் ரத்தம், ஊரே நடித்துக் காட்டிய அந்தக் கை. எல்லாம் பொருந்தியது. சாகிறவன் தன் சாவைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மகன் செய்த குற்றம் கீழ்ப்படிந்தது மட்டுமே. மாஜிஸ்திரேட் 'விபத்து' என்று எழுதிவிட்டு மீன் பிடிக்கப் போகலாம்.

"கடைசி வரைக்குமா?" என்றார் கிம்ப்டன்.

"கடைசி வரைக்கும்."

"வலி தாங்காம, பயந்து, கொஞ்சம் வேகமா போன்னு ஒரு தடவைகூடக் கேக்கலையா?"

"எங்கப்பாவா?" கிளெம் சிரித்தான். "சார்ஜென்ட், அவருக்கு அப்படி ஒரு சைகையே கிடையாது. வாழ்நாள்ல நான் பார்த்தது ஒரே கை. கீழே. அவ்வளவுதான்."

"ஸ்பேனர் கையில இருந்துதே, அதை எப்பக் கீழ வெச்சார்?"

கிளெம் ஸ்டியரிங்கில் பிடியை மாற்றிக்கொண்டான். "பாதி வழியில. கை ஓய்ஞ்சு போச்சு."

"ஓய்ஞ்ச கையை எடுத்துத்தான் கீத் டூலனுக்கு வணக்கம் சொன்னாராக்கும்."

"சொல்லியிருப்பார்."

கிம்ப்டன் சாய்ந்துகொண்டார். பேச்சை மாற்றினார். இந்த வருஷம் விளைச்சல் எப்படி என்று கேட்டார். கிளெமின் தோள்கள் தளர்ந்தன. துருநோய் கொஞ்சம் தாக்கியிருக்கிறது, ஆனால் கிழக்குப் பக்கத்து வயல் மோசமில்லை என்றான். மழை வருவதற்குள் அதை முடித்துவிட வேண்டும், தனி ஆளாகச் செய்வது கஷ்டம், ஆனால் தனியாக இருப்பதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது என்றான். அவன் பேசப் பேச சமவெளி இரண்டு பக்கமும் மஞ்சளாக ஓடியது. என்ஜின் ஒரே சுருதியில் பாடியது. அந்தச் சுருதியில் எனக்குக் கண் செருகியது. இதற்குள் ஒரு மனிதன் அமைதியாகச் செத்துப்போகலாம் என்று தோன்றியது.

அப்போது ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது.

கிம்ப்டன் வலது கையை லாரியின் முன்கண்ணாடிக்கு நேராக நீட்டியிருந்தார். உள்ளங்கை மேலே பார்த்தது. விரல்களைச் சுண்டினார். ஹப். ஹப்.

கிளெம் கிழக்கு வயலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அவன் பார்வை சாலையில் இருந்தது. ஆனால் அவனுடைய வலது பூட்ஸ் அடியோடு இறங்கியது.

என்ஜின் சுருதி உடைந்தது. முள் ஐம்பதைத் தாண்டியது. ஐம்பத்தைந்து. கிளெம் பாதி வாக்கியத்தில் நின்றான். தன் காலைப் பார்த்தான். கிம்ப்டனின் கையைப் பார்த்தான். அந்தக் கை இன்னும் அங்கேயே இருந்தது.

"அப்படி ஒரு சைகையே கிடையாதுன்னு சொன்னீங்களே" என்றார் கிம்ப்டன். "காலுக்குத் தெரிஞ்சிருக்கே."

கிளெம் காலை எடுக்கவில்லை.

முள் அறுபதைத் தொட்டது. கேபின் முழுக்க நடுங்கியது. கதவுப் பையில் ஸ்பேனர் துள்ளியது. "கிளெம், காலை எடு!" என்று கத்தினேன். அவன் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒன்று வந்தது. சந்தோஷம். உற்சாகமான, சிறுபிள்ளைத்தனமான சந்தோஷம்.

"இதைத்தானே கேட்டீங்க சார்ஜென்ட்?" என்றான். "இதைத்தானே அவரும் கேட்டார்?"

அறுபத்தைந்து. முதலில் லேசாக, பிறகு அழுத்தமாக, உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். இத்தனை வருடம் யாரும் தொடாத பேரிங்குகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. கிளெம் தலையைச் சாய்த்து அதைக் கேட்டான், பாட்டுக் கேட்பவனைப் போல. திடீரென்று பீரங்கிச் சத்தம். இரும்புத் தண்டு ஒன்று என்ஜின் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து சாலையில் எகிறிப் பறந்தது. கறுப்பு எண்ணெய் முன்கண்ணாடியில் அறைந்தது. லாரி தடுமாறி, மண்ணில் இறங்கி, ஒரு வேலிக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றது.

சத்தம் போன பிறகு அந்த வெட்டவெளியில் சூடான இரும்பு கிட்கிட் என்று ஆறும் ஒலி மட்டும் கேட்டது.

இறங்கினோம். கிம்ப்டனின் தொப்பி எண்ணெயில் மிதந்தது.

"நம்ம ஒரே சாட்சி, சார்ஜ்" என்றேன், ஓட்டை விழுந்த என்ஜினைக் காட்டி. "போலீஸை உள்ளே உக்கார வெச்சுக்கிட்டே கொன்னுட்டான்."

"இது சாட்சி இல்ல பாஸ்கோ. நீங்கல்லாம் என்ஜினையே கேட்டுட்டிருந்தீங்க, டிரைவரையே பார்த்துட்டிருந்தீங்க. ஓட்டத் தெரியாதவனுக்குப் பயணியோட கஷ்டம்தான் தெரியும். கீத் டூலன் காட்டினது கீழே தட்டற கை இல்ல. மேலே தூக்கற கை." அவர் கிளெமின் பக்கம் திரும்பினார். "கிழவர் முதல்ல ஸ்பேனரால அடிச்சது உண்மை. மெதுவா போன்னு அடிச்சார். அப்புறம் ரத்தம் நிக்காதுன்னு புரிஞ்சிருக்கு. ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு, வேகமா போன்னு கெஞ்ச ஆரம்பிச்சிருக்கார். சரியா?"

கிளெம் படிக்கட்டுத் தகரத்தில் உட்கார்ந்து, மண்ணில் தேங்கும் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசியபோது குரல் தெளிவாக இருந்தது.

"வாயைத் திறந்து கேக்கல. கேக்கத் தெரியாது அவருக்கு. கையைத்தான் காட்டினார். நாயைத் தாவச் சொல்ற மாதிரி. அப்புறம் என் தொடையைத் தட்டினார். அப்புறம் அழுதார்." எண்ணெயில் ஒரு ஈ விழுந்து துடித்தது. அதையே பார்த்தான். "எங்கம்மாவும் பின்னாலேர்ந்து கேபின் கண்ணாடியைத் தட்டினாங்க. நானும் சேர்ந்து தட்டினேன். அவர் திரும்பிப் பார்த்துட்டு, கையை இப்படிக் காட்டினார்." உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றில் கீழே தட்டினான். "அதனால அவருக்கும் அதையே காட்டினேன்."

"அவர் பார்த்தாரா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"நல்லா பார்த்தார்."

விலங்கை எடுத்தேன். அவன் மணிக்கட்டை நீட்டினான். பூட்டும்போது அவன் கை குளிர்ந்திருந்தது, அந்த வெயிலிலும்.

"மன்றத்துல இதைச் சொல்லுவியா கிளெம்?"

"நாம போய்ச் சேர்ந்தா சொல்றேன்" என்றான்.

அது நியாயமான சந்தேகம். ஊர் இன்னும் தூரத்தில் இருந்தது. மாஜிஸ்திரேட்டின் படகு காத்திருக்காது. அப்போது சாலையின் முனையில் தூசி எழுந்தது. ஒரு லாரி. கீத் டூலனின் லாரி. கிடங்கில் கோதுமையைக் கொட்டிவிட்டுக் காலியாகப் பண்ணைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான்.

கிம்ப்டன் சாலை ஓரத்துக்கு ஓடினார். எண்ணெய் வழியும் கோட்டோடு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். துள்ளினார். வாழ்க்கையில் எந்த டிராமையும் அவர் அப்படி நிறுத்தியிருக்க மாட்டார்.

கீத் எங்களைப் பார்த்தான். நாங்கள் மூன்று பேர், நின்றுபோன லாரி, சாய்ந்த வேலி, விலங்கு. எல்லாவற்றையும் பார்த்தான். முகம் மலர்ந்தது. ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மரியாதையாக உயர்த்தினான். அதே வேகத்தில் கடந்து போனான்.

தூசி எங்கள் மேல் மெதுவாக இறங்கியது.

கிம்ப்டனின் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. பின்னாலிருந்து கிளெமின் சிரிப்புக் கேட்டது. கெட்ட சிரிப்பு இல்லை. களைத்துப்போன சிரிப்பு.

"பார்த்தீங்களா சார்ஜென்ட்?" என்றான். "அன்னைக்கும் இப்படித்தான் போனான்."